பெரிய ரோஸ்டர் இருக்கட்டும், முதலில் அந்த 'அண்ணன் கணக்கு' நோட்டை எடுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். எனக்கு வயது 38. மூன்று ஏக்கர் காபி, நிழல் மரங்களில் மிளகு. 2 வருடம் 4 மாதத்துக்கு முன் சிறு உணவுத் தொழிலுக்கு மானியம் தருகிற மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 8 லட்சத்துக்கு வறுக்கிற மிஷின், அரைக்கிற மிஷின், பாக்கெட் போடுகிற மிஷின் வாங்கி காபித்தூள் போடுகிறேன். சொந்தப் பணம் 80,000, பேங்க் கடன் 7,20,000, மாதத் தவணை 12,300. மாதம் 350 கிலோ தூள் போகிறது. சிக்கரி கலந்தது கிலோ 760 ரூபாய், எல்லாச் செலவும் போக கிலோவுக்கு 90 நிற்கும். வீட்டுச் செலவு தோட்ட வருமானத்தில் ஓடிவிடுகிறது. ஆனாலும் கையில் பணம் தங்குவதே இல்லை. இரண்டு தவணை கட்டவில்லை. தண்டல் ஒன்று, கடையில் வைத்திருக்கும் கியூஆர் ஆப்பில் எடுத்த கடன் ஒன்று ஓடுகிறது. சேலத்திலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவர், மலைப்பகுதி என்பதால் 35 சதவீத மானியம் உண்டு, கணவர் பெயரில் 10 லட்சத்துக்குப் பெரிய ரோஸ்டர் (வறுக்கிற மிஷின்) போட்டுத் தருகிறேன், 40,000 முன்பணம் கொடுங்கள் என்கிறார். வாங்கலாமா? மலையில் இருந்துகொண்டு தொழில் செய்தால் முன்னேறவே முடியாதா?

பதில்: சகோதரி, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் போட்டோவைப் பார்த்தேன். மேலே சுருக்கிப் போட்டிருக்கிற உங்கள் கடிதத்தில் வராத விஷயம் அந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது. மேலே 'அண்ணன் கணக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அண்ணன் என்றால் உங்கள் நாத்தனாரின் வீட்டுக்காரர், சேலத்தில் கடை வைத்திருப்பவர். 40 கிலோ, 25 கிலோ, 35 கிலோ என்று வரிசையாகச் சரக்கு, அதற்கு எதிரே 10,000 ஜிபே, 8,000 கையில், அப்புறம் ஒரு இடத்தில் 'மீதி பொங்கலுக்கு'. அந்தப் பொங்கலை அடித்துவிட்டு 'மாரியம்மன் பண்டிகைக்கு' என்று எழுதியிருக்கிறது. சேலத்தில் ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் வந்து போய்விட்டது, அதன் எதிரே எதுவும் எழுதவில்லை. பக்கத்தின் அடியில் பாக்கி 3,45,000.

என்னுடைய பதில் முழுக்க அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான்.

மாதம் சுமார் 100 கிலோ அண்ணன் கடைக்குப் போகிறது. 76,000 ரூபாய்ச் சரக்கு. நோட்டில் இருக்கிற வரவையெல்லாம் கூட்டி மாதத்தால் வகுத்துப் பார்த்தால் அவரிடமிருந்து வருவது சராசரி 61,000. மாதம் 15,000 அங்கேயே நிற்கிறது. 23 மாதம் ஆயிற்று, 3,45,000 சரியாகப் போய் நிற்கிறது. இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். கிலோவுக்கு 90 நிற்கிறது என்றால் அந்த 100 கிலோவை உருவாக்க உங்களுக்கு ஆகும் செலவு 67,000. 67,000 செலவு பண்ணி, மிஷின் ஓட்டி, பாக்கெட் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கொண்டுபோய் இறக்கி, 61,000 வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். லாபம் குறைவு என்றுகூட இதைச் சொல்ல முடியாது. மாதம் 6,000 கைக்காசைப் போட்டு அவர் கடையை நடத்திக் கொடுக்கிறீர்கள்.

மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துப் பார்த்தாலும் அதே கதைதான். 350 கிலோவுக்கு லாபம் 31,500. அதில் 15,000 அண்ணனிடம் தங்கிவிட்டால் கையில் வருவது 16,500. பேங்க் தவணை 12,300 போக மிச்சம் 4,200. ஒரு மாதம் கரண்ட் பில் கூட வந்தாலோ, பச்சைக் காபி வாங்குகிற இடத்தில் ரொக்கம் கேட்டாலோ இந்த 4,200 எங்கே தாங்கும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் தண்டல்காரரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரியும், ஆனால் அதை வருட வட்டியாக்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். 30,000 என்று பெயர், கைக்கு வந்தது 27,000, தினம் 300 வீதம் 100 நாள். தினமும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால் அந்த 27,000 முழுசாக உங்கள் கையில் 100 நாளும் இருப்பதில்லை, சராசரியாகப் பாதிதான், சுமார் 13,500. அதற்கு 3,000 வட்டி என்றால் 100 நாளைக்கு 22 சதவீதம். வருடத்துக்குப் போட்டால் 80 சதவீதம் வரும். ஆப் கடனில் சிரித்த முகத்தோடு 'உங்களுக்கு 50,000 தயார்' என்று காட்டியிருப்பான், 48,500 வந்தது, தினம் 450 வீதம் 120 நாள், மொத்தம் 54,000. இதையும் அதே மாதிரி போட்டால் வருடத்துக்கு 70 சதவீதத்துக்குப் பக்கம். தண்டல்காரர் பைக்கில் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போவார், இது ராத்திரியில் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் சேர்த்து ஒரு நாளைக்கு 750, மாதம் 22,500. மிச்சம் 4,200 இருக்கிற இடத்தில் 22,500 எப்படிக் கட்டுகிறீர்கள் என்றால், பேங்க் தவணையை நிறுத்திக் கட்டுகிறீர்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கிறவருக்கு முதலில் கொடுக்கிறோம், வந்து நிற்காத பேங்க் காத்திருக்கட்டும் என்று நினைக்கிறோம். உங்கள் நிலைமையில் இதைவிட ஆபத்தான வரிசை வேறில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் 8 லட்சம் திட்டத்துக்கு 35 சதவீத மானியம் 2,80,000. அது இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை. பேங்க்கில் தனிக் கணக்கில் கிடக்கிறது. பேங்க் கடன் தொகையின் கடைசிப் பகுதியை உங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம் முடியும்போது கடன் கணக்கு ஒழுங்காக இருந்து, யூனிட்டும் நடந்துகொண்டிருந்தால்தான் அதை உங்கள் கடனில் கழிப்பார்கள். தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். நீங்கள் இரண்டு தவணை விட்டாயிற்று. மூன்றாவதையும் விட்டு அந்த 90 நாளும் தாண்டிவிட்டால் 2,80,000 கைநழுவுகிற நிலைமை. உங்கள் கணக்குப்படி இன்னும் எட்டே மாதம் இருக்கிறது. இந்த வாரமே கிளைக்குப் போய்க் கடன் தொகையின் கடைசிப் பகுதியை விடுவித்த தேதியை எழுதி வாங்குங்கள். மிஷின்காரருக்கு இரண்டு மூன்று தடவையாகப் பணம் போயிருந்தால் நீங்கள் நினைக்கிற தேதியும் பேங்க் தேதியும் ஒன்றாக இருக்காது.

பெரிய ரோஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. உங்களிடம் இருப்பது ஒரு தடவைக்கு 5 கிலோ வறுக்கிற மிஷின். 350 கிலோ தூளில் சிக்கரி 30 சதவீதம் போனால் காபி 245 கிலோ. வறுக்கும்போது எடை குறைவதைச் சேர்த்தால் சுமார் 295 கிலோ பச்சைக் கொட்டை. ஒரு ஈடுக்கு 5 கிலோ என்றால் 59 ஈடு, ஈடுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் மாதத்துக்கே 20 மணி நேரம். மாதத்தில் மீதி நேரமெல்லாம் அந்த மிஷின் சும்மா நிற்கிறது! இதன் மேல் 10 லட்சத்துக்கு இன்னொன்று எதற்கு?

மலைப்பகுதி என்பதால் மானியம் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கடனோடு மானியம் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் மலைப்பகுதி, எல்லைப்பகுதி எல்லாம் சிறப்புப் பிரிவில் வருகின்றன, கிராமப்புறத்தில் அந்தப் பிரிவுக்கு 35 சதவீதம்தான். ஆனால் அது திட்டத்திலேயே இருக்கிற விதி, மலை என்று சொல்லி அவர் தனியாக எதையும் வாங்கித் தரவில்லை. அதைவிட முக்கியம், அது புதிய யூனிட்டுக்கான திட்டம். ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்குக் கிடையாது. அதனால்தான் கணவர் பெயரில் போடலாம் என்கிறார். அதே ஷெட்டில், அதே கரண்ட் இணைப்பில் புதிய யூனிட் என்று காட்டினால் நேரில் வந்து பார்க்கிற அதிகாரி கேட்பார். அப்போது மானியம் திரும்பிப் போகும், கடன் உங்கள் வீட்டிலேயே இருக்கும், ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, சேலம் மாவட்டத் தொழில் மையத்தில் நேராகப் போய்க் கேட்கலாம். 40,000 எதற்கு? உங்கள் மூன்று தவணைக்கு மேல் வருகிற பணம் அது.

சரி, என்ன செய்யலாம்.

வீட்டில் ஒரு ஜோடி வளையலை பேங்க்கிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்து நின்றுபோன இரண்டு தவணை 24,600-ஐ உடனே கட்டுங்கள். நகையை வைக்கச் சொல்கிற ஆள் நான் இல்லை, வருகிற கடிதங்களில் பாதிக்கு வைக்காதீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இங்கே 10 சதவீத வட்டியில் 25,000 வாங்கி 2,80,000-ஐக் காப்பாற்றுகிறீர்கள், எட்டு மாத வட்டி 1,700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆப் கடனில் இப்போதே முடித்தால் எவ்வளவு என்று கேளுங்கள், மீதி நாளின் வட்டியைக் குறைத்தால் அதையும் இந்த நகைக்கடனிலேயே முடித்துவிடுங்கள். தண்டலை அவசரப்பட்டு முடிக்க வேண்டாம். அதில் வட்டியை முதலிலேயே பிடித்தாயிற்று, முன்னால் கட்டினாலும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. ஓடி முடியட்டும். முடிகிற அன்று அவர் 'அக்கா, அடுத்தது போடட்டுமா' என்று கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அண்ணன் விஷயத்தைத்தான் நீங்கள் ரொம்பப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்தின்போது அவர் உதவினார், நாத்தனார் மனம் கோணக் கூடாது, மாமியார் என்ன சொல்வாரோ என்று. எனக்குப் புரிகிறது. என் அப்பா செவ்வாய்பேட்டை லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதினார், உறவுக்காரர் கணக்கை எழுதும்போது மட்டும் பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதனால் சண்டை போடுங்கள் என்று சொல்லமாட்டேன். பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய அக்கா வீடு அது. நீங்கள் பேசினால் வந்த மருமகள் பிரித்துவிட்டாள் என்று ஆகும், தம்பி பேசினால் அது பேங்க் பிரச்சினை. "மாமா, ரெண்டு தவணை நின்னுபோச்சு, மானியம் போயிடும்னு பேங்க்ல சொல்றாங்க, எட்டு மாசத்துக்குக் காசு வந்த பிறகுதான் சரக்கு இறக்க முடியும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. பழைய 3,45,000-ஐ இந்தப் பேச்சோடு கலக்க வேண்டாம், அதைத் தனிப் பக்கத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, மாதம் 5,000 கொடுங்கள் என்று கேளுங்கள். வந்தால் நகையை மீட்க வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பி எதையும் திட்டம் போடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்று அவர் ஒதுங்கினால்? 250 கிலோவே விற்றாலும் லாபம் 22,500, முழுதும் கையில் வரும். தவணை போக 10,200. இன்றைக்கு இருக்கிற 4,200-ஐவிட 6,000 கூட, வேலையும் குறைவு.

அந்த 100 கிலோவுக்கு வேறு இடம் தேடத்தான் உங்கள் நேரம் போகவேண்டும், மலையில் முன்னேற முடியுமா என்ற கேள்விக்கும் என் பதில் இதிலேயே இருக்கிறது. சேர்வராயன் மலையில் காபி 1820-களில் வந்தது. அன்றிலிருந்து பெரும்பாலும் கொட்டையாகக் காயவைத்து மூட்டையில் கட்டிக் கீழே அனுப்புவதுதான் வழக்கம், வறுத்து அரைத்து லாபம் பார்க்கிறவர் சமவெளியில் இருந்தார். நீங்கள் அந்த லாபத்தை மலையிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். அதை மறுபடி மூட்டையில் கட்டிக் கடனுக்குக் கீழே அனுப்புவானேன்? மே மாதக் கோடை விழாவுக்கு வருகிற கூட்டம், ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏரிக்கரையில் இறங்குகிற கார்கள், இவர்களுக்கு ஒரு கிலோ பை வேண்டாம், 200 கிராம் காபியும் 100 கிராம் மிளகும் போதும். தங்கும் விடுதிகளுக்கு வாரம் ஒருமுறை பணம் என்று பேசிக் கொடுங்கள். கடனுக்குக் கேட்கிற வெளிக்கடைக்காரரிடம் ஒன்று சொல்லலாம்: உத்யம் என்கிற சிறுதொழில் அரசுப் பதிவு வைத்திருக்கிற உற்பத்தியாளருக்கு 2006-ஆம் வருடச் சட்டப்படி, எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். பதிவு இல்லை என்றால் இன்றே போடுங்கள், இலவசம்தான்.

கடன் கணக்கு ஒழுங்கானதும் கிளையில் சரக்கின் பேரில் சிசி லிமிட், அதாவது வேண்டும்போது எடுத்து விற்றதும் கட்டுகிற கடன் வரம்பு, கேளுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அறுவடையில் பக்கத்துத் தோட்டங்களில் கொட்டை வாங்கி வைக்க அது உதவும். உங்கள் கணவர் அரை ஏக்கரில் டென்ட் போட்டு வாடகைக்கு விடலாம் என்று கேட்டிருக்கிறார், யாரோ வீடியோவில் மாதம் ஒரு லட்சம் என்று சொன்னார்களாம். மானியம் கடனில் கழிகிற வரை அந்தப் பேச்சே வேண்டாம், அதற்கப்புறமும் நாலு மழைக்கால மாதத்தில் எத்தனை நாள் நிரம்பும் என்று டென்ட் வைத்திருக்கிற ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஏஜென்ட்டிடம் ஆதார், பான் நகல் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதையும் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் திரும்ப வாங்குங்கள். வாங்கிய கையோடு கிளைக்குப் போய் அந்த இரண்டு தவணையைக் கட்டிவிட்டு ரசீதின் போட்டோவை எனக்கு அனுப்புங்கள்.