செபமாலை நடுவில் செல்போன்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிராமம். வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். ராத்திரி பிள்ளைகளோடு செபமாலை சொல்ல உட்கார்ந்தால், இரண்டாவது தேவ இரகசியம் (செபமாலையின் ஒரு பகுதி) முடிவதற்குள் கை போனுக்குப் போய்விடுகிறது. தவக்காலத்தில் சீரியலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம் என்று விட்டேன், பாஸ்கா முடிந்ததும் பழைய கதைதான். என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: இல்லை சகோதரி, குறைந்திருந்தால் இந்த உறுத்தலே வந்திருக்காது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், தனி அறையில் இருக்கும் துறவியின் மனசு படும் பாட்டை எழுதி வைத்திருக்கிறார்: கண் சும்மா சும்மா ஜன்னலுக்குப் போகும், வெளியே வந்து சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பார், சகோதரர் யாராவது வருகிறாரா என்று நாலு பக்கமும் நோட்டம் விடுவார். போன் இல்லாத காலத்திலேயே இவ்வளவு அலைச்சல்!

அதனால் போனைத் திட்டுவதற்கு முன்னால், எதைத் தேடி அதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். முட்செடிகளுக்கு நடுவில் விழுந்த விதையை நெருக்குபவை என்று இயேசு சொல்வது கவலை, செல்வம், இன்பம் (லூக்கா 8:14). கவலைதான் முதலில் வருகிறது. நைட் ஷிப்டுக்கு பைக்கில் கிளம்பியவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்ற பயத்தில் கை போகிறது என்றால், அதில் தப்பே இல்லை, முதல் தேவ இரகசியத்தை அந்தக் கருத்துக்காகவே ஒப்புக்கொடுங்கள். போனை சைலன்ட்டில் போட வேண்டாம், சத்தத்தோடு சமையலறை மேடையில் வைத்துவிடுங்கள், அவர் கூப்பிட்டால் கேட்கும்.

சீரியல், ஸ்டேட்டஸ் விஷயம் வேறு. அவற்றை விட்ட 40 நாளும் அந்த நேரத்தில் எதை வைத்தீர்கள்? லூக்கா 11ஆம் அதிகாரத்தில், ஒரு மனிதனை விட்டு வெளியே போன அசுத்த ஆவி, வீட்டுக்குத் திரும்புவதுபோல் திரும்பி வந்து, வீடு கூட்டிப் பெருக்கி அழகாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு குடியேறுகிறது. காலியாக விட்டால் அப்படித்தான் ஆகும். சீரியல் நேரத்தில் பெரிய பிள்ளையை மாற்கு நற்செய்தி வாசிக்கச் சொல்லுங்கள், மொத்தமே 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒரு சின்னப் பகுதி போதும். அடுத்து என்ன ஆச்சு என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கேள்வி: தருமபுரியில் எங்கள் பங்கில் பாடகர் குழு, அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழு), திருவிழா வசூல் எல்லாம் நான்தான். ஆனால் பூசையில் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: தன் வீட்டுக்கு வந்த இயேசுவைக் கவனிக்க ஓடி ஓடி வேலை செய்தவர் மார்த்தா. அவர் சமையலை இயேசு குறை சொல்லவில்லை தம்பி, பல காரியங்களில் அவர் கலங்கிப்போயிருந்ததைத்தான் சொன்னார். கோவில் வேலையும் ஆண்டவரை மறைக்கும், அது நல்ல வேலை என்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூல் நோட்டையும் பாட்டு நோட்டையும் வேறு கையில் கொடுங்கள், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து பூசை காணுங்கள். அந்த வாரம் வசூல் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.