ஜார்ஜ் முல்லர் யாரிடமும் காசு கேட்காமல் பத்தாயிரம் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார் என்பது உண்மையா, பிரசங்கத்துக்காகச் சொல்லும் கதையா?

உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அநாதை இல்லம் நடத்திய போதகர் அவர். ஆனால் நீங்கள் எதைக் கேட்டுவிட்டு வந்து இப்படிக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. சமையலறையில் ஒன்றுமில்லை, காலித் தட்டுகளுக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபித்தார், ரொட்டிக்காரர் கதவைத் தட்டினார், பால் வண்டி வாசலிலேயே உடைந்து நின்றது. கன்வென்ஷன் பந்தலில் வருஷம் தவறாமல் காதில் விழும் சாட்சி. அந்தப் பால் வண்டி உடைந்ததா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அதைவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் நெல்லைப் பக்கம் ஒரு மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அப்பா தவறியபோது எனக்கு ஏழு வயது. அம்மா பீடி சுற்றினாள். மூன்று பேரை வைத்துச் சமாளிக்க முடியாமல் என்னை மட்டும் போர்டிங்கில் விட்டாள். சாப்பாடு போட்டார்கள், படிக்கவைத்தார்கள். இன்று நான் வேலையில் இருப்பதே அதனால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "உண்ட வீட்டுக்கு ரெண்டகம்" என்று கீழே வந்து எழுதுவீர்கள். (தினமும் போட்ட கோதுமை உப்புமாவைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதே கோதுமை ரவையை இப்போது டயட் என்று பெயர் வைத்து யானை விலைக்கு விற்கிறான், என் மருமகள் வாங்கி வருகிறாள்.)

எங்களுக்கெல்லாம் வெளிநாட்டு ஸ்பான்சர் உண்டு, எங்கள் விவரம் எழுதிய கார்டைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர். வருஷத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுத வேண்டும். வார்டன் அக்கா கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம்: நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு வந்த பதிலை அக்கா தமிழில் வாசித்துச் சொன்னார். உன் அம்மா பரலோகத்திலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அழாதே என்று எழுதியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த பெரிய பிள்ளை ஒருத்திதான் சொன்னாள், "உன் கார்டுல அம்மாவும் இல்லைன்னு போட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான்." இரண்டு பேரும் இல்லாத பிள்ளை என்றால் சீக்கிரம் ஸ்பான்சர் கிடைக்குமாம்.

அந்த மாதம் அம்மா பார்க்க வந்தபோது சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் போய்ச் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, "சரி, செத்துப்போனவ சுட்ட முறுக்கு எப்படி இருக்குன்னு தின்னு பாருட்டி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்கப்புறம் அலுவலகப் பக்கமே வரமாட்டாள், கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஆள் விட்டுக் கூப்பிடுவாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு முல்லரைப் படித்துப் பாருங்கள். ஆள் பிறவிப் புனிதர் ஒன்றும் இல்லை. பிரஷ்யாவில் (இன்றைய ஜெர்மனி) பிறந்தவர், சின்ன வயதில் அப்பாவின் பணத்தையே திருடியவர், பதினாறு வயதில் சத்திரத்துக்கு வாடகை கொடுக்காமல் மாட்டி ஜெயிலுக்குப் போனவர். அந்த மனிதர்தான் பின்னால் இங்கிலாந்தில் சபைப் போதகராகி, 1830-இல் தனக்கு நிரந்தரச் சம்பளமே வேண்டாம் என்று சொன்னார். பிரிஸ்டலில் வில்சன் தெருவில் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் பெண்பிள்ளைகளோடு ஆரம்பித்தார். பிள்ளைகள் பெருகப் பெருக வாடகை வீடுகளும் பெருகின. அக்கம்பக்கத்தார் ஒருவர் சத்தம் தாங்கவில்லை என்று 1845-இல் மரியாதையாகக் கடிதம் எழுதினார். நியாயம்தானே என்று ஒத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஆஷ்லி டவுனில் கட்டத் தொடங்கி, 1870-க்குள் ஐந்து பெரிய வீடுகளும் 2,050 பிள்ளைகளுக்கு இடமுமாக ஆக்கினார். 1898-இல் இறக்கும்போது அவர் கையில் வந்துபோன பணம் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. சொந்தமாக விட்டுப்போனது 200 பவுண்டுகூடத் தேறாது.

"கேட்கவில்லை என்கிறீர்கள், வருஷாவருஷம் இல்லத்தின் கணக்கு அறிக்கை அச்சடித்தாரே, அது விளம்பரம் இல்லையா?" என்று யாராவது வருவீர்கள். நியாயமான கேள்வி. அந்த அறிக்கைகளைப் படித்துத்தான் நிறையப் பேர் அனுப்பினார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் 1841 டிசம்பரைப் பாருங்கள். கையில் காசு அநேகமாக இல்லை. அறிக்கை வெளியிட்டுக் கூட்டம் போட வேண்டிய நேரம். இப்போது வெளியிட்டால் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டார். நான் பார்த்த எந்த நிர்வாகியும் அந்த நேரத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்திருப்பார். கொடுத்தவர்களின் பெயரையும் அவர் அச்சில் போடவில்லை, ரசீது மட்டும். எனக்குப் பால் வண்டியைவிட இதுதான் அற்புதம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் சேர அப்பா அம்மா இரண்டு பேரும் இறந்திருக்க வேண்டும், முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது விதி எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. பிள்ளை என்ன பாவம் செய்தது? முதல் விதிப்படி எனக்கே இடம் கிடைத்திருக்காது. ஆனால் இடம் கொடுப்பதற்காக என் அம்மாவைக் காகிதத்தில் சாகடித்திருக்கவும் மாட்டார்.

படிப்பிலும் ஆள் பிடிவாதம். பெண்பிள்ளைகளைப் பதினேழு வயதுவரை வைத்திருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று அன்றைக்கே முணுமுணுத்தார்கள்.

இன்னொன்று. முல்லரின் மைத்துனர் ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் நம் பக்கம் வந்து ஊழியம் செய்தவர், தமிழ் ஊழியரான கிறிஸ்தியான்பேட்டை அருளப்பன் அவரிடம் பழகியவர். சம்பளமில்லாத "விசுவாச ஊழியம்" நம் ஊருக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. இன்று யூடியூபில் "நாங்கள் முல்லர் வழி, யாரிடமும் கேட்பதில்லை" என்று ஒருவர் கண்ணீரோடு சொல்கிறார், கீழே ஜிபே நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாளுக்கு இல்லத்தில் கேக் வெட்டி, பிள்ளைகள் வாயில் ஊட்டுவதை ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். சாப்பாடு கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. போனை வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

உங்கள் சபையில் இல்லம் ஆரம்பிக்கப் பேச்சு நடக்கிறது, அதில் முல்லர் பெயர் அடிபட்டது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கமிட்டியில் கணக்கைக் கேளுங்கள், அவர் வருஷாவருஷம் அச்சடித்துக் கொடுத்தவர். பிள்ளைகளின் கார்டில் என்ன எழுதப்போகிறார்கள் என்றும் கேளுங்கள்.