கேட்டால் ஆஃபர் போய்விடுமா?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். காரைக்குடியில் பொறியியல் முடித்துவிட்டு மதுரையில் மூன்று வருஷமாக மென்பொருள் வேலை பார்க்கிறேன். இப்போது இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது. சென்னைக் கம்பெனி வருஷத்துக்கு 6,50,000 தருகிறது. இரண்டு வருஷ பாண்டு, நடுவில் விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். கோயம்புத்தூர்க் கம்பெனி 5,40,000, பாண்டு இல்லை. சென்னைக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். பெங்களூரில் இன்னொன்று கடைசிச் சுற்றில் நிற்கிறது. கொஞ்சம் கூட்டிக் கேட்கலாமா என்றால், "வந்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்காதே" என்கிறார் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). கேட்டால் ஆஃபரே போய்விடுமோ என்று எனக்கும் பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

எங்கள் வீட்டில் ஐயாவின், அதாவது தாத்தாவின், டிரங்குப் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகுமுன் முதலாளியோடு எழுதிக்கொண்ட சம்பளச் சீட்டு. எந்த ஊர்க் கடை, மூன்று வருஷத்துக்குச் சம்பளம் எவ்வளவு, அதில் கிளம்புமுன் முன்பணமாக வீட்டுக்குத் தருவது எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த இடத்தில் அப்பத்தா பின்பக்கம் துணி வைத்து ஒட்டியிருக்கிறார். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டபோது ஐயாவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாக, போனவர். கப்பல் ஏறுமுன் பேசி எழுதிக்கொண்டதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற ஊர் நம்முடையது. அதனால் தாராளமாகக் கேளுங்கள்.

நான் சென்னையில் பதினெட்டு வருஷம் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பணிவாக ஒரு முறை கூட்டிக் கேட்டதற்காக நாங்கள் ஆஃபரைத் திரும்பப் பெற்றதாக ஒன்றுகூட நினைவில்லை. இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம் என்று ஒரு வரம்பு எங்களிடம் இருக்கும். முதலில் சொல்லும் தொகை அதன் உச்சியாக இருப்பது அபூர்வம். ஆஃபரைத் திரும்பப் பெற்றதும் உண்டு. பழைய சம்பளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னவர்களுக்கும், சரி என்று எழுதிக் கொடுத்த பிறகு மறுபடி பேரம் பேச வந்தவர்களுக்கும் அது நடந்தது. ஆகவே இப்போதைய சம்பளத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் மாசச் சம்பளச் சீட்டையும் பி.எஃப். கணக்கையும் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

கேட்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும். ஆறரை லட்சம் என்பது சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. கைக்கு வருவது வேறு. நீங்கள் இணைத்திருந்த தாள்களைப் பார்த்தேன். சென்னைக் கம்பெனியில் 80,000 வேரியபிள், அதாவது நிலையில்லாத பகுதி. வருஷக் கடைசியில் கம்பெனி நன்றாக ஓடி, உங்கள் மதிப்பீடும் நன்றாக இருந்தால் வரும். முதலாளி பங்கு பி.எஃப். மாசம் 1,800, வருஷத்துக்கு 21,600. அது உங்கள் பணம்தான், ஆனால் இப்போது கைக்கு வராது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, என்று 15,600 போட்டிருக்கிறார்கள். நிரந்தர வேலையில் அது பொதுவாக ஐந்து வருஷம் இருந்தால்தான் கிடைக்கும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 12,000 என்று அதையும் உங்கள் சம்பளத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு 5,20,800, மாசம் 43,400. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800-ம் தொழில் வரி சுமார் 200-ம் போனால் கைக்கு 41,400.

கோயம்புத்தூரில் வேரியபிள் இல்லை, காப்பீட்டையும் சம்பளத்தில் சேர்க்கவில்லை. பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 13,000 போக, மற்ற பிடித்தங்களும் போனால், கைக்கு மாசம் சுமார் 40,100. தாளில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வித்தியாசம், கையில் மாசத்துக்கு 1,300. சென்னையில் வீட்டு வாடகை அதை ஒரே வாரத்தில் தின்றுவிடும்.

பாண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். "கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிடு" என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டவர் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பாண்டும் அப்படித் தப்பிக்கும் என்பதில்லை. ஆனால் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அந்தக் கம்பெனியே வேண்டாம். முன்பணம் கட்டச் சொன்னாலும் அப்படித்தான்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் நன்றி சொல்லுங்கள், வேலை பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். பிறகு ஒரே மூச்சில்: "மூன்று வருஷ அனுபவமும் இன்னொரு ஆஃபரும் இருப்பதால், நிலையான சம்பளம் 6 லட்சமாக இருந்தால் நான் இப்போதே முடிவு சொல்ல முடியும். பாண்டை ஒரு வருஷமாகக் குறைக்க முடியுமா?" இந்த 6 லட்சம் வேரியபிள் சேராத தொகை என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்போது தருவதாகச் சொல்லும் நிலையான பகுதி 5,70,000. நீங்கள் கேட்பது 30,000 கூடுதல், பெரிய கேட்பு அல்ல.

கேட்டு முடித்ததும் பேசாமல் இருங்கள். எதிர்முனையில் நாலைந்து வினாடி சத்தமே இருக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுவார்கள். "இல்ல சார், முடியலைன்னாலும் பரவாயில்லை" என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். அந்த நாலு வினாடியில் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அதற்குள் அவர்களே இறங்கி வந்துவிட்டால் நான் ஏன் கூட்டப் போகிறேன்? எத்தனையோ முறை அப்படி நடந்து, போனை வைத்த பிறகு எனக்கே வருத்தமாக இருந்திருக்கிறது.

பேசியது எதுவானாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். 1998-ல் நான் வேலை மாறியபோது, ஆறு மாசத்தில் 2,000 கூட்டித் தருவதாக மேலாளர் வாயால் சொன்னார். ஐந்தாம் மாசம் அவரே வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு எதுவும் தெரியாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஐயாவின் பெட்டியில் அந்தச் சீட்டு இருப்பது தெரிந்தும் அப்படிச் செய்தேன்.

பெங்களூர்க் கம்பெனியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: வேறு ஆஃபர் கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பதில் தர வேண்டும் என்று. வேண்டிய ஆள் என்றால் அவசரமாக முடிவெடுப்பார்கள். சென்னையிடம் அடுத்த செவ்வாய் வரை நேரம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்களை நம்பி அவர்கள் இன்னொருவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மதுரையில் ராஜினாமா கொடுப்பது, திருத்திய ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகுதான்.

அப்பச்சியிடம் வாதாட வேண்டாம். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி, இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் அவர் முன் வையுங்கள். வரவு செலவு பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த 1,300 உடனே கண்ணில் படும். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.