தென்னைக்குச் சூடை மீன் தாழ்க்கலாமா?

கேள்வி: முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு ஏக்கரில் தென்னை வைத்திருக்கிறேன். மரங்களுக்குப் பத்து வயது. குரும்பை கொட்டுகிறது. அடி ஓலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்கின்றன. கரைவலையில் சூடை அள்ளுப்படும் நாள்களில் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. மரத்துக்கு ஐந்து கிலோ வீதம் அடியில் புதைத்துத் தாழ்த்தால் சரிவருமா?

பதில்: தம்பி, மீன் நல்ல பசளைதான். நைதரசன், பொசுபரசு, கல்சியம் எல்லாம் அதில் உண்டு. பொட்டாசியம் மட்டும் மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் அடி ஓலை மஞ்சளைப் பார்த்தால் மரம் கேட்பதே பொட்டாசியம் போலத்தான் தெரிகிறது. மணல் நிலத்தில் அது மழையோடு கழுவுப்பட்டுப் போய்விடும். ஆகவே பெட்டி பெட்டியாகச் சூடை தாழ்த்தாலும் குரும்பை கொட்டுவது நிற்காது.

சூடையைத் தாழ்க்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அடுத்த முறை வலை ஏறும்போது ஒரு சூடையைக் கையில் எடுத்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மயிர் போல மெல்லிய முட்கள், பேன் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசியையும் நுண்ணுயிர்களையும் அது அதாலேதான் வடித்துத் தின்கிறது. கடலுக்குப் புல் அந்தப் பாசி. மாடு புல்லைத் தின்று நமக்குப் பாலாக்கித் தருகிற மாதிரி, சூடை பாசியைத் தசையாக்கி அறக்குளாவுக்கும் பாரைக்கும் சூரைக்கும் சீலாவுக்கும் கொடுக்கிறது. ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் தொழிலாளர்கள் படகை அங்கே திருப்புவது ஏன்? கீழே சூடை நிற்கும், சூடைக்குக் கீழே பெரியது நிற்கும்.

கூட்டமாக நிற்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஆயிரம் வெள்ளி வயிறுகள் ஒரே நேரத்தில் மினுங்கித் திரும்பும்போது பாரையால் ஒன்றைக் குறிவைக்க முடியாது. ஆனால் வலைக்கு முன்னால் அதே கூட்டம்தான் அதற்கு எமன், ஒரு வளைப்பில் முழுவதும் மடிக்குள் வந்துவிடும். பசளைக்கென்று நிரந்தரமாக வாங்க ஆள் இருந்தால், குஞ்சு குறுமன் என்று பாராமல் வாரி இழுக்கவும் ஆள் வரும். முருங்கையிலைச் சொதியும் சூடைப் பொரியலும்தான் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளின் சத்து. அதை மண்ணுக்குள் போட எனக்கு மனம் வரவில்லை. விலைப்படாமல் கரையில் கிடந்து நாறுகிற நாளில் அள்ளி வாருங்கள், அது வேறு கதை.

சரி, என்ன செய்யலாம்? மீன் சந்தையில் கழிக்கிற தலை, குடல், செதில் போதும். அடிமரத்திலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு வளைவாக ஒரு கிடங்கு வெட்டுங்கள். அடியில் பொச்சு மட்டையை, அதாவது தேங்காய் உரித்த மட்டையை, நார்ப்பக்கம் மேலே தெரிய அடுக்குங்கள், அது ஈரத்தையும் பிடிக்கும், பொட்டாசியமும் தரும். அதன்மேல் மீன் கழிவு, பிறகு கிளிசரியாக் குழை, பிறகு மண். மேலோட்டமாகப் புதைத்தால் ஒரே இரவில் காட்டுப்பன்றி கிண்டிவிடும், வன்னியில் இதை நான் சொல்லத் தேவையில்லை. பொட்டாசியத்துக்கு இது மட்டும் போதாது, மியூறியேற்று ஒவ் பொட்டாஷ் என்ற பொட்டாசியப் பசளையும் வேண்டும். அளவை உங்கள் பகுதித் தென்னை அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

கருவாட்டுக் கழிவு வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

மிளகாய், கத்தரி வைத்திருந்தால் கழிவில் கொஞ்சத்தை அதே எடைப் பனங்கட்டியோடு ஒரு வாளியில் மூடி வையுங்கள். மூன்று நான்கு கிழமையில் கரைந்து தேன் பதத்துக்கு வரும். வடித்து, பத்து லீற்றர் தண்ணீருக்கு 50 மில்லிலீற்றர் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

வயலும் செய்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. பேராற்றுப் பக்கத்து வயல்களில் மிஞ்சுகிற யூரியா நந்திக்கடல் களப்பில்தான் போய்ச் சேரும். அளவுக்கு மிஞ்சினால் பாசி மண்டி, இரவில் ஒட்சிசன் இறங்கி, அங்கே வளரும் மீன்குஞ்சுகள் சாகும். யூரியாவை ஒரேயடியாக எறியாமல் பிரித்துப் போடுங்கள்.

கிடங்கை இப்போதே வெட்டி மட்டையை அடுக்கி வையுங்கள். ஐப்பசி மழை பிடிக்க முன்னர் மூடிவிட வேண்டும்.