பெரிய பேட்டரி போட்டால் அதிக நேரம் பறக்குமா?

கேள்வி: ரிமோட்டில் ஓட்டும் ஃபோம் பயிற்சி விமானம் ஒன்று வாங்கினேன். கையேட்டில் 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடச் சொல்கிறார்கள். அது எட்டே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. 5000 எம்ஏஎச் போட்டால் பதினெட்டு நிமிடம் பறக்கலாம்தானே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கணக்கெல்லாம் சரி, விமானம்தான் ஒத்துக்கொள்ளாது. 2200இன் எடை ஏறக்குறைய 180 கிராம், 5000 என்றால் 350ஐத் தாண்டிவிடும். மொத்தமே ஒரு கிலோ தேறாத விமானத்தின் மூக்கில் இன்னும் 170 கிராமைத் திணித்தால், அதைத் தூக்கிக்கொண்டு பறக்கவே மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஆகவே பதினெட்டு நிமிடம் என்பது காகிதத்தோடு சரி. அதைவிட மோசம் தரையிறக்கம். எடை கூடினால் ஸ்டால் ஆகும் வேகமும், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை விட்டுவிடுமோ அதுவும், கூடும். நீங்கள் கைப்பழக்கத்தில் பழைய வேகத்திலேயே இறக்கிக் கொண்டுவருவீர்கள், தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் ஓர் இறக்கை சட்டென்று சரியும், அப்புறம் பசைக் குப்பியைத் தேட வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். பேட்டரியை உள்ளே வைத்து மூடி, இறக்கைக்கு அடியில் கையேடு சொல்கிற இடத்தில் இரண்டு விரல் நுனிகளால் விமானத்தைத் தாங்குங்கள். மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் சரி. 5000ஐ வைத்தால் மூக்கு குப்புறத் தொங்கும், பின்னால் தள்ளலாம் என்றால் அந்த அறையில் இடம் இருக்காது.

அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு 2200 வாங்குங்கள். மூன்று முறை ஏற்றலாம், மூன்று முறை இறக்கலாம், புதிதாக ஓட்டுகிறவருக்கு இறக்கிப் பழகுவதுதானே முக்கியம்? இன்னொன்று, எட்டு நிமிடமும் ஓட்டாதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சினால் லிபோவின் ஆயுள் குறையும். டைமரை ஆறு நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் செல்லுக்கு 3.7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை நம்பி மறுபடி பறக்க வேண்டாம்.

கேள்வி: பேட்டரிகளை 25சி, 40சி, 100சி என்று விற்கிறார்கள். என் மோட்டார் முழு த்ராட்டிலில் 18 ஆம்பியர் இழுக்கிறது. எதை வாங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சி என்பது கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு ஆம்பியரை பேட்டரி தொடர்ந்து தரும் என்ற கணக்கு. 2200 எம்ஏஎச் என்றால் 2.2 ஆம்பியர்-மணி. அதை 25ஆல் பெருக்குங்கள், 55 ஆம்பியர். உங்களுக்கு வேண்டியதோ 18. ஸ்டிக்கரில் பாதி பொய் என்றே வைத்துக்கொண்டாலும் (பல கம்பெனிகளில் அப்படித்தான்) 25சி போதும், மனது கேட்காவிட்டால் 35. 100சி என்பது உங்கள் விமானத்துக்கு வீண் செலவு, எடையும் கூடும். ஸ்டிக்கரை விட உங்கள் கை நம்பகமானது: இறங்கியவுடன் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, பிடிக்க முடியாமல் சுட்டால் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்குகிறீர்கள். சார்ஜ் செய்யும்போது இந்த சி கணக்கைக் கொண்டுவராதீர்கள், 2200க்கு 2.2 ஆம்பியர் போதும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய குளோ இன்ஜின் (எரிபொருளில் ஓடும் குட்டி இன்ஜின்) விமானம். ரிசீவருக்கு (ரிமோட் சிக்னலை வாங்கும் கருவி) இருந்த 4.8 வோல்ட் நிக்கல் காட்மியம் செத்துவிட்டது. லிபோ போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: நேரடியாகப் போடாதீர்கள். முழுதாக சார்ஜான 2எஸ் லிபோ 8.4 வோல்ட் தரும், அந்தக் காலத்து சர்வோக்கள் (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்) பெரும்பாலும் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. லைஃப் (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையில் 2எஸ் கூட 6.6 வோல்ட். நான்கு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலும் சும்மா இருக்கும்போது சார்ஜ் இறங்காத வகை, உங்களுக்குப் போதும். எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே மாட்டலாம்.

கேள்வி: மழைக்காலம் முழுக்கப் பறக்கவில்லை. பெட்டியைத் திறந்தால் பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: என் வீட்டிலும் இரண்டு இப்படிப் போயிற்று. நாளைக்கு மழை விடும், நாளைக்கு விடும் என்று முழு சார்ஜிலேயே வைத்திருந்தேன், விட்டபோது இரண்டும் வீங்கிக் கிடந்தன. செல்லுக்கு 4.2 வோல்ட்டில், அதாவது முழு சார்ஜில், வாரக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகும். பறந்து கெடுவதை விட அலமாரியில் கெடுகிற லிபோதான் அதிகம் என்பேன். இரண்டு மூன்று நாளில் பறக்கப்போவதில்லை என்றால் சார்ஜரில் ‘ஸ்டோரேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்கில் கொண்டுவந்து நிறுத்திவிடும். வெயிலில் நிற்கிற காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

உப்பியதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் வைத்து, கார் இண்டிகேட்டரில் வருகிற 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பல்பு மங்கி மங்கி அணைந்ததும் இன்னும் சில மணி நேரம் அப்படியே விட்டு, கம்பிமுனைகளில் டேப் சுற்றி, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.