நின்றுபோன மடற்குழுவின் மடல்களைக் காப்பாற்றுவது எப்படி? – கேள்வி பதில்

மதுரையைச் சுற்றியுள்ள கல்வெட்டுகள், சமணர் குகைகள், கோயில்கள் பற்றிப் பேசிய மின்னஞ்சல் குழுக்கள் பல ஓய்ந்துவிட்டன. அவற்றின் பழைய மடல்களைக் காப்பது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

சார், எங்கள் குழு மெயில்மேன் 2 மென்பொருளில் நடந்தது. சர்வர் வாடகை அடுத்த மாதம் முடிகிறது. இணையப் பக்கங்களை எல்லாம் இறக்கிவிட்டோம். போதுமா? (அண்ணா நகர்)

போதாது. அந்தப் பக்கங்களில் படங்கள் மடலிலிருந்து பிரிந்து போயிருக்கும், தலைப்பு விவரங்களில் (யார், எப்போது, எதற்குப் பதில்) பாதி இருக்காது. சர்வரில் குழுவின் பெயரிலேயே 'எம்பாக்ஸ்' கோப்பு ஒன்று இருக்கும். மடல்கள் வந்த வரிசையில், இணைப்புகளோடு அதில்தான் கிடக்கின்றன. வாடகை முடிவதற்குள் சர்வர் நிர்வாகியைப் பிடித்து அதை வாங்கிவிடுங்கள். வாங்கிய கையோடு அதன் ஷா-256 எண்ணை (SHA-256, கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். பின்னாளில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுக்கும். மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. திருத்தமெல்லாம் நகலில்தான்.

இன்னொன்று: எம்பாக்ஸில் ஒவ்வொரு மடலும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும். மடலுக்குள் யாராவது அதே சொல்லில் ஒரு வரியைத் தொடங்கியிருந்தால், சில மென்பொருள்கள் அந்த மடலை இரண்டாக உடைத்துவிடும். தேதியில்லாத அரை மடல் கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அண்ணே, எங்களுடையது யாகூ குழுமம். எல்லாம் போய்விட்டதா? (மேலூர்)

யாகூ 2019 அக்டோபரில் அறிவித்துவிட்டு, டிசம்பரிலேயே பழைய மடல் பக்கங்களை எடுத்துவிட்டது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களையே மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாக இறக்கியதில் ஒரு பகுதி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவில் (archive.org) இருக்கிறது. முதலில் அங்கே தேடுங்கள்.

இல்லையென்றால் உறுப்பினர்களின் மின்னஞ்சல் பெட்டிதான் கதி. ஜிமெயில்காரர்கள் குழு மடல்களை ஒரு லேபிளில் போட்டு, கூகுள் டேக்அவுட் (நம் கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் சேவை) வழியாக அந்த லேபிளை மட்டும் எடுக்கலாம். எம்பாக்ஸாகவே வரும். "ஃபார்வர்டு பண்ணுங்க" என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். ஃபார்வர்டு செய்தால் அனுப்பியவர் மாறுவார், தேதி இன்றைய தேதியாகும், எந்த மடலுக்கு எது பதில் என்ற சங்கிலி அறுந்துவிடும். ஒரு கல்வெட்டு வாசிப்பை மூன்று பேர் மறுத்து, நாலாமவர் குகைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதிய விவாதத்தில், அந்தச் சங்கிலிதான் உயிர். ஒவ்வொரு மடலின் தலைப்பு விவரங்களிலும் தனி அடையாள எண் (Message-ID) உண்டு. பலரிடமிருந்து வந்ததைச் சேர்க்கும்போது இரட்டிப்பை அதை வைத்தே நீக்கலாம்.

2001 மடல்களைத் திறந்தால் கிறுக்கல்தான் தெரிகிறது. கெட்டுப்போய்விட்டதா? (திருமங்கலம்)

கெடவில்லை. அந்தக் கால மடல்களில் பெரும்பாலானவை, இன்றைய யூனிகோடு பரவுமுன் புழங்கிய திஸ்கி (TSCII) என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும். 'தமிழ்' என்ற சொல் உங்களுக்கு முக்கால் பின்னக்குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் காசுக்குறி, கோடு போட்ட யு என்று வரிசையாகத் தெரிகிறதா? அப்படியானால் அது திஸ்கியேதான். வேறு விதமாகத் தெரிந்தால் டேப் (TAB), டாம் (TAM) போன்ற வேறு பழைய குறியீடுகளில் ஒன்றா என்று பாருங்கள்.

மாற்றுவதற்கு 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நிரலகத்தில் வசதி இருக்கிறது. வேர்டில் எழுத்தெழுத்தாகத் தேடி மாற்றாதீர்கள். 'கெ' என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முன்னால் வைத்துச் சேமிக்கும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பின்னால். இது புரியாமல் மாற்றினால் பக்கம் முழுக்கக் கொம்புகள் இடம் மாறி நிற்கும். 2004-க்குப் பிறகான மடல்களில் இன்னொரு சிக்கல்: பதில் யூனிகோடில், மேற்கோள் திஸ்கியில் என்று ஒரே மடலில் இரண்டும் கலந்திருக்கும். அவற்றை ஆள் உட்கார்ந்து பார்த்தால்தான் சரியாகும்.

படங்கள் இடத்தை அடைக்கின்றன. எழுத்தை மட்டும் வைத்தால் போதாதா? (திருநகர்)

தயவுசெய்து படங்களை அழிக்காதீர்கள். கீழவளவுப் பக்கம் கிரானைட் குவாரிகள் மலைகளை என்ன செய்தன என்று நம் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி எடுத்து அனுப்பிய மங்கலான படம், அந்தப் பாறை அன்று எப்படி இருந்தது என்பதற்கு ஒரே சாட்சியாக இருக்கலாம். அன்றைய படங்கள் சின்னவை, இன்றைய பென்டிரைவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

எல்லாவற்றையும் சிடியில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். (உசிலம்பட்டி)

இன்றே வெளியே எடுத்து நகலெடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு சிடியின் சாயம் சீக்கிரம் மங்கும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில்.

இறந்துபோன ஒருவருடைய மடல்களைப் பொதுவில் வைக்கலாமா, ஐயா? (திருப்பரங்குன்றம்)

மடலின் பதிப்புரிமை எழுதியவருடையது. இறந்தபின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. குழு மூடியதாக இருந்ததா, யாரும் படிக்கும்படி இருந்ததா என்று முதலில் பாருங்கள். மூடிய குழுவென்றால், எழுதியது வெளியே போகாது என்று நம்பித்தான் உறுப்பினர்கள் எழுதினார்கள், அந்த நம்பிக்கைக்கு நாம்தான் பொறுப்பு. அனுமதி வாங்கிய பிறகே வெளியிடுங்கள். கிடைக்காதவற்றை அழிக்காமல் பூட்டி வையுங்கள். திறந்த குழுவானாலும் வெளியிடும் நகலில் மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண், வீட்டு விலாசம் மூன்றையும் மறைத்துவிடுங்கள். குடும்பத்தாரிடம் பேசும்போது அவர் எழுதிய நாலைந்து மடல்களை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அப்பா இதையெல்லாம் எழுதினார் என்பதே பல வீடுகளில் தெரியாது.