வேகம் இல்லாத படகுக்குத்தான் பம்பு வேண்டும்

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். நான்கு பையன்கள் சேர்ந்து, கண்மாயில் மிதக்கும் குப்பையை இழுத்துக் கரை சேர்க்கும் ரிமோட் படகு செய்கிறார்கள். 26 சிசி பெட்ரோல் எஞ்சின், தண்ணீரால் குளிர்விக்கும் வகை. பத்து நிமிடத்தில் சூடாகி நின்றுவிடுகிறது. காசுக்கு மாணவர்களின் புராஜெக்டைச் செய்து தரும் ஒரு புராஜெக்ட் சென்டரில் ‘மரைன் பம்பு’ போட்டால் சரியாகும், 7,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா? (திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: உங்கள் மகனின் படகுக்குப் பம்பு தேவைதான். ஆனால் அந்த 7,500 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த எஞ்சின்கள் பந்தயப் படகுகளுக்காகச் செய்யப்படுபவை. அவற்றில் பம்பே இருக்காது. சுக்கானிலோ படகின் அடியிலோ முன்னோக்கி வாய் வைத்த ஒரு சின்னக் குழாய் இருக்கும். படகு பாயும் வேகத்தில் தண்ணீர் தானாக உள்ளே ஏறி, எஞ்சினைச் சுற்றிவிட்டு வெளியே போகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தண்ணீர் 6 மீட்டர் உயரத்துக்குக்கூட ஏறும். 10 கிலோமீட்டரில் வெறும் 40 சென்டிமீட்டர். 5 கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர்தான். வேகம் பாதியானால் உந்துதல் கால்வாசியாகிவிடும், அதுதான் கணக்கு. குப்பையை இழுக்கும் படகு மனிதன் நடக்கிற வேகத்தில் போகும். எஞ்சின் தலையோ நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும். தண்ணீர் அதுவரை எட்டவே இல்லை, எஞ்சின் காய்கிறது. வேகமாக ஓட்டும் படகு வைத்திருப்பவர்கள் பம்புக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

பம்பு வாங்குமுன் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். வெளியேறும் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்க்கட்டும். காற்று தாராளமாகப் போகவில்லை என்றால் உள்ளே சேறோ ஆகாயத்தாமரை வேரோ சிக்கியிருக்கிறது, அல்லது சிலிக்கான் ட்யூப் எங்கோ மடிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பம்பு போட்டும் பயனில்லை.

இப்போது அந்த ‘மரைன் பம்பு’. மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன மோட்டாருக்கு வேறு ஸ்டிக்கர் ஒட்டி இந்தப் பெயரில் விற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதன் மேல் ‘மணிக்கு 800 லிட்டர்’ என்பது போல ஒரு எண் இருக்கும். அது வாளிக்குள் எந்தத் தடையும் இல்லாமல் தண்ணீரைத் தள்ளும்போது கிடைக்கிற அளவு. பக்கத்தில் எத்தனை மீட்டர் ஏற்றும் என்றும் எழுதியிருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டுக்கூட வராது. இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்டி மயக்குவார்கள். நம் ட்யூபோ 6 மில்லிமீட்டர், அதில் இன்னும் குறையும். தவிர, இவை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் வேலை செய்யும். மேலே வைத்து உறிஞ்சச் சொன்னால் வெறும் காற்றில் சுற்றும். காரில் கண்ணாடி கழுவும் பம்பையும் சிலர் மாட்டிக் கொடுப்பார்கள். அது சில வினாடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்தது, தொடர்ந்து ஓட்டினால் எரிந்துவிடும். ‘இறக்குமதி, டூட்டி கட்டியிருக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இல்லாத பொருளுக்கு டூட்டி பேச்சு எதற்கு?

நான் சொல்வது, விவசாயிகள் முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் 12 வோல்ட் டயாபிரம் பம்பு, அதாவது உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை. உரம், பூச்சிமருந்து விற்கும் கடைகளிலும் ஸ்பிரேயர் ரிப்பேர் செய்யும் இடங்களிலும் தனியாகவே கிடைக்கும், திருமங்கலத்திலேயே கேட்டுப் பாருங்கள். தானே உறிஞ்சும், கொஞ்ச நேரம் காற்றில் ஓடினாலும் தாங்கும். நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவில் தரும். 26 சிசி எஞ்சின் மெதுவாக ஓட நிமிடத்துக்கு ஒரு லிட்டரே போதும். அந்த ஒரு லிட்டர் 20 டிகிரி சூடேறி வெளியே போனால் ஏறக்குறைய 1,400 வாட் வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். வெளியே வரும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால் அளவு அதிகம். ‘T’ வடிவ மூன்று வாய் இணைப்பு ஒன்றை வைத்துப் பாதியை நேரே வெளியே விடுங்கள். உறிஞ்சும் பக்கம் தடித்த ட்யூபும் வலை வடிகட்டியும் கட்டாயம். பம்பின் வால்வில் ஒரு வேர்த் துணுக்கு மாட்டினாலும் எல்லாம் நின்றுவிடும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் பம்புக்கும் ஒரே பேட்டரி வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சில படகுகளில் எஞ்சினைச் சுற்றிய தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் விட்டு, புகையோடு வெளியே தள்ளுவார்கள். பந்தயப் படகில் படகு நின்றால் தண்ணீரும் நின்றுவிடும், ஆபத்து இல்லை. பம்பு வைத்தால் அப்படி இல்லை. நடுக் கண்மாயில் எஞ்சின் அணைந்த பிறகும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். சைலன்சர் நிரம்பி, தண்ணீர் புகைக்குழாய் வழியாகவே சிலிண்டருக்குள் இறங்கும். அது தெரியாமல் கயிற்றை வேகமாக இழுத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், எஞ்சின் போச்சு. அப்படி இருந்தால் பம்பை ரிமோட்டிலிருந்தே அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பம்பு, எஞ்சினை நிறுத்துமுன் பம்பு நிறுத்தம். சந்தேகம் வந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெதுவாகக் கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைவிட நல்லது, குளிர்விக்கும் தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் விடாமல் தனி ட்யூபில் படகின் பக்கவாட்டில் வெளியேற்றுவது. அதையே செய்யச் சொல்லுங்கள்.

புராஜெக்ட் சென்டர்கள் செழிப்பதற்குக் காரணம் மாணவர்கள் அல்ல. ஆசிரியர்களாகிய நாங்கள் பைண்டிங் செய்த ரிப்போர்ட்டுக்கு மார்க் போடுகிறோம், படகின் மூடியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. தண்ணீரில் ஓடிய படகுக்கும் மேஜையில் நின்ற படகுக்கும் ஒரே மார்க் என்றால், பையன்கள் ஏன் கையை அழுக்காக்க வேண்டும்? உங்கள் மகன் ஓட்டிப் பார்த்து, சூடாவதைக் கண்டுபிடித்திருக்கிறான். அந்த ஒன்றுக்காகவே அவன் இதைத் தானே முடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கண்மாயில் ஓட்ட அனுமதி கேட்கப் போனால் ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், மீன் குத்தகைக்காரர் தனியாகக் கோபிப்பார். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு மாட்டிய பிறகு வீட்டிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை வெளிக்குழாயில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். தண்ணீர் சரியாக வந்தும் சூடானால், தவறு பெட்ரோல் பக்கம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல், எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கட்டும். எஞ்சினோடு வந்த தாளில் சொன்ன விகிதத்தில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறானா என்பதையும் கேளுங்கள்.